தையல் அறையில் எழுதியவள்

கல்லூரியில் முதலாம் நாள் முதலாம் பாடம் கல்வி உளவியல். பிள்ளைகளின் கவனம் எப்படிச் சிதறுகிறது என்று வினாயகமூர்த்தி சேர் விளக்கிக்கொண்டிருந்தார். மண்டபம் நிறையப் புது முகங்கள், புதுச் சட்டைகள். நடுவரிசையிலிருந்து “ஹக்” என்று ஒரு சத்தம் வந்தது. விக்கலுமில்லை, இருமலுமில்லை. நாய்க்குட்டியின் வாலை மிதித்துவிட்டால் வருமே, அதற்குக் கொஞ்சம் கிட்ட. சேர் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். மறுபடியும் “ஹக்”. பெடியன்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. மூன்றாவது முறை வந்தபோது சேர் கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்தார்.

“ஆரது?”

ஒரு பெண் எழுந்து நின்றாள். மெலிந்தவள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஒற்றைப் பின்னல். எழுந்ததும் அவளுடைய வலது தோள் காதை நோக்கி ஒருமுறை துள்ளி இறங்கியது. பக்கத்தில் இருந்தவள் தன்னையறியாமல் சற்று ஒதுங்கினாள்.

“நான்தான் சேர். வேணுமெண்டு செய்யல்ல. எனக்கு வருத்தம்.”

“வருத்தமெண்டா விடுதியில போய்ப் படுங்க. சுகமானாப் பிறகு வாங்க.”

சுகமாகிற வருத்தம் இல்லை அது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லுக்குப் பதிலாக அந்தச் சத்தமே வந்தது. மண்டபம் முழுவதும் சிரித்தது. அவள் கொப்பிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். விடுதிக்குப் போகவில்லை. விறாந்தையில், யன்னலுக்குக் கீழே, யாரோ விட்டுவைத்த கால் உடைந்த வாங்கு ஒன்று கிடந்தது. அதில் இருந்து மிச்சப் பாடத்தைக் கேட்டாள்.

அவள் பெயர் சீதேவிப்பிள்ளை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அம்பிளாந்துறைப் பக்கம் ஊர். தகப்பன் கோணாமலைக்கு ஊருக்கு அப்பால் வட்டை எனப்படும் வயல்வெளியில் கொஞ்ச நிலம் இருந்தது. தாய் இலட்சுமிப்பிள்ளைக்கு அவள் ஒருத்திதான் பிள்ளை.

ஏழு வயதில் அவள் கண்ணை ஓயாமல் சிமிட்டத் தொடங்கினாள். தூசு விழுந்திருக்கும் என்று தாய் முலைப்பால் வாங்கிக் கண்ணில் விட்டாள். சிமிட்டல் நின்றது, தோள் துள்ளத் தொடங்கியது. அடுத்த வருடம் சத்தம் வந்தது. ஆசுபத்திரியில் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் வேப்பிலையால் அடித்து, நூல் கட்டி, சுடலைப் பேய் என்றார். ஆனால் வைகாசியில் கண்ணகையம்மன் சடங்கு வந்து பறை முழங்கியபோது நடந்ததுதான் ஊரைக் குழப்பியது. பெண்கள் தலைமுடி விரித்துத் தெய்வமாடினார்கள். கிழவர்களுக்கும் கால் தரையில் நிற்கவில்லை. சீதேவி மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றாள். பறைச் சத்தம் அடங்கும்வரை அவளுடைய தோள் ஒருமுறையும் துள்ளவில்லை. பேய் பிடித்தவளென்றால் அங்கே அல்லவா ஆடியிருக்க வேண்டும்? கட்டாடியார் தலையைச் சொறிந்துகொண்டு, “இது வேற என்னவோ” என்று விட்டுவிட்டார்.

ஊர்ப் பள்ளிக்கூடம் சிறியது. அங்கே எல்லோருக்கும் அது பழகிப்போனது. குளத்துக் கரையில் ஆள்காட்டிக் குருவி கத்துவதை எப்படிக் காதில் வாங்கமாட்டார்களோ அப்படி. கணக்கு அவளுக்கு நன்றாக வந்தது. கணக்குச் செய்யும்போது உடம்பு கொஞ்சம் அமர்ந்திருக்கும். வளர்ந்தபின் வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டு இயக்கப் பெடியன்கள் வந்தார்கள். முற்றத்தில் நின்று கொஞ்ச நேரம் அவளோடு கதைத்தார்கள். தோள் துள்ளியது, சத்தம் வந்தது. பதுங்கி இருக்க வேண்டிய இடத்தில் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தாய் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தாள். சீதேவிக்கும் ஆறுதல்தான். ஆனாலும் போருக்குக்கூட வேண்டாத ஆள் என்பதில் சந்தோசப்படுவதா, வேறென்ன செய்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவானபோது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பிறந்திருந்தது. அப்போது அரசுக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தைக் காலம். குருக்கள்மடத்துத் துறைக்கு வரும் பாதையில் சைக்கிள்களும் நெல் மூட்டைகளும் ஆட்களும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். பாதை என்பது தோணிகள் மேல் பலகை அடித்த மிதவை; வாவியைக் கடக்க அதுதான் வழி. கோணாமலை மகளின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக் கல்லூரி வாசல்வரை வந்தார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில், தென்னந்தோப்புக்குள் இருந்தது அந்தக் கல்லூரி.

“சத்தம் வந்தா வெளிய போயிட்டு வா மகள்,” என்றார். “ஆரோடயும் சண்டை பிடிக்க ஒண்ணா.”

சண்டை பிடிக்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை. அதுதான் பிறகு அவளுக்கு விளங்கியது. யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. பெரும்பாலானவர்கள் நல்ல பிள்ளைகள். சோறு எடுத்தாயா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு வேறு மேசைக்குப் போவார்கள். ஒருநாள் தோள் துள்ளியதில் அவளுடைய கை பட்டுப் பக்கத்தில் இருந்தவளின் கறிக் கோப்பை மடியில் கவிழ்ந்தது. அன்றிலிருந்து அவள் இருந்த வாங்கில் எப்போதும் இடம் இருந்தது.

விடுதியில் ஒரு நீள அறையில் பல கட்டில்கள். முதல் மாதம் முடியுமுன்னே பெண்கள் சேர்ந்து விடுதிப் பொறுப்பாளர் அன்னப்பூரணி அக்காவிடம் போனார்கள். அவர்கள் சொன்னதிலும் பொய் இல்லை. விடியற்காலையில் எழுந்து படிக்க ஏலவில்லை. அவளுடைய சத்தம் திடீரென்று வரும்போது நெஞ்சு பதறுகிறது. தொண்ணூறாம் ஆண்டுப் படுகொலைகளைத் தங்கள் வீடுகளிலேயே கண்ட பெண்கள் அவர்களில் சிலர். எந்தத் திடீர்ச் சத்தமும் அவர்களுக்கு ஆகாது. அன்னப்பூரணி அக்கா யோசித்துவிட்டு, சீதேவியை நோயாளர் அறைக்கு மாற்றினார்.

“உனக்கும் வசதிதானே கா,” என்றார். “தனி அறை. ஆரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க.”

அந்த அறையில் இரண்டு கட்டில். காய்ச்சல் வந்தால் யாராவது ஒருத்தி மற்றக் கட்டிலில் வந்து படுப்பாள். யாருக்கும் நோய் வரவேண்டும் என்று சீதேவி வேண்டிக்கொண்டதில்லை. ஆனால் வந்தபோதெல்லாம் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டாள், காய்ச்சல் விட்டு அவர்கள் எழுந்து போகும்போது வாசல்வரை போனாள்.

வகுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சில விரிவுரையாளர்கள் அவளை உள்ளே இருக்க விட்டார்கள், ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் நிறுத்தி, அவளைப் பார்த்து, பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமைதான் தாங்க முடியாதது. எல்லோரும் பார்க்கும்போது அடக்கப் பார்ப்பாள். தும்மலை அடக்குவதுபோல்தான், கொஞ்ச நேரம் பிடிக்கலாம், பிறகு இரண்டு மடங்காக வரும். கடைசியில் அவளே எழுந்து யன்னலடிக்குப் போய்விடுவாள். மழை அடித்து ஊற்றும் நாட்களில் மட்டும் உள்ளே போய்ப் பின்வரிசையில் இருப்பாள். கூரையில் விழும் மழையில் அவளுடைய சத்தம் ஒருவருக்கும் கேட்காது. விரிவுரையும் கேட்காது என்பது வேறு விசயம்.

சித்திரையில் பேச்சுவார்த்தை முறிந்தது. சண்டை மறுபடி தொடங்கியது. பாதை சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஓடுகிற நாளில் துறையில் நீண்ட வரிசை. சோதனைச் சாவடியில் ஒவ்வொருவராகப் போக வேண்டும். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போக அவள் வரிசையில் நின்றபோது, சிப்பாய் அடையாள அட்டையைக் கையில் எடுத்த நேரம் பார்த்துத் தோள் துள்ளியது. சிப்பாய் திடுக்கிட்டுத் துவக்கைத் தூக்கினான். அவள் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றாள். உயர்த்திய கையோடு தோள் இன்னும் துள்ளியது, சத்தமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு ஏதோ விளங்கிவிட்டது. அவளைப் போலவே தோளை உயர்த்திக் காட்டிச் சிரித்தான். மற்றவனும் சிரித்தான். போகச் சொன்னார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வெகுதூரம் விலகிப்போய் நின்றது. அவளோடு வந்த அதே வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அந்த வெளிக்கு அப்பால், அவளைத் தெரியாதவர்களைப்போல் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர்களுடைய இடத்தில் நின்றிருந்தால் தானும் அப்படித்தான் நின்றிருப்பாள் என்று பிறகு தாயிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் தனியாகவே துறைக்குப் போனாள். போகிற தடவைகளும் குறைந்தன.

கணிதம் படிப்பித்தவர் மேர்சி மிஸ். மட்டக்களப்புப் பட்டினத்து மெதடிஸ்த குடும்பம். நாற்பதை நெருங்கியவர், கண்டிப்பானவர், கோபம் வந்தால் குடையைத் தட்டுவார். சீதேவியை வகுப்பில் இருக்க வைத்து, சத்தம் வந்தாலும் நிறுத்தாமல் படிப்பித்தவர் அவர் ஒருவர்தான். வருட முடிவில் பரீட்சை வந்தபோது பிரச்சினை எழுந்தது. ஒரே மண்டபம், மூன்று மணித்தியாலம், ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. அவளை வைத்துக்கொண்டு மற்றவர்கள் எப்படி எழுதுவது? அவளைப் பிறகு ஒரு தடவை எழுத வைக்கலாம், இல்லாவிட்டால் இந்தத் துறையே அவளுக்குச் சரிவராது என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றுகூட ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்ததாம். மேர்சி மிஸ் குடையைத் தட்டித் தட்டிச் சண்டை பிடித்து ஒரு வழி செய்தார்.

“உமக்கெண்டு தனி அறை எடுத்துத் தந்திரிக்கன்,” என்றார். “தையல் அறை. நான்தான் மேற்பார்வை. நீர் எவ்வளவு சத்தம் போட்டாலும் போடும்.”

சீதேவிக்குக் கண் கலங்கியது. தனக்காக ஒருவர் சண்டை பிடித்தார் என்பதே அவளுக்குப் புதிது.

தையல் அறையில் துணி போட்டு மூடிய தையல் மெசின்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு மேசை. மேர்சி மிஸ் வாசலடியில் கதிரை போட்டுப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தார். சீதேவி எழுதினாள். அடக்கத் தேவையில்லாததால் சத்தமும் அதிகம் வரவில்லை. தூரத்தில் மண்டபத்தின் மணி கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் கதிரைகளை இழுத்து எழும் சத்தம் கேட்டது. வெளியே வந்து விடைகளைப் பற்றிக் கத்திக் கத்திக் கதைக்கும் சத்தம் கேட்டது. அவள் தாள்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு விறாந்தைக்கு வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

பெறுபேறு வந்தது. கணிதத்தில் அவள்தான் முதல். மற்றப் பாடங்களிலும் முன்வரிசை.

அன்றைக்கு யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று அவள் மனதுக்குள் எதிர்பார்த்தாள். சாப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒரு கிழமை கழிந்துதான் நோயாளர் அறைக்குக் காய்ச்சலோடு வந்த ஒருத்தி, சின்னத்தங்கம் என்று பெயர், படுத்தபடி சொன்னாள்.

“கோவிக்காத என்ன. பெடியன்கள்தான் சொல்றாங்க. நீ தனிய இருந்து எழுதினாயாம். மிஸ்தான் சொல்லிக் குடுத்தாவாம்.”

“நீயும் அப்பிடித்தான் நினைக்கியா?”

சின்னத்தங்கம் போர்வையை இழுத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியா கா. நான் அங்க இருக்கல்லத்தானே.”

சீதேவி அந்தப் பதிலைப் பல நாள் நினைத்துக்கொண்டாள். மேர்சி மிஸ்ஸைத் தவிர யாருமே அங்கே இருக்கவில்லை. அவள் செய்ததைக் கண்ட வேறு கண் ஒன்றுமில்லை. விறாந்தையில் இருந்தபோதாவது யன்னலுக்குள்ளால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள், சிரிப்பதற்கென்றாலும் பார்த்தார்கள். தையல் அறையில் அதுவும் இல்லை.

இரண்டாம் வருடப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் மேர்சி மிஸ்ஸிடம் போனாள்.

“மிஸ், நான் இந்த முறை மண்டபத்தில எழுதப்போறன்.”

மிஸ் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “விசர்க்கதை கதைக்க வேணாம். தையல் அறைக்கு நான் சொல்லி வெச்சாச்சு.”

“எனக்கு அது வேணாம் மிஸ்.”

“வேணாமா?” குடை மேசையில் தட்டியது. “அந்த அறைக்கு நான் எத்தின பேரோட முகம் முறிச்சிருக்கன் தெரியுமா? என்னையும் சேத்துக் கதைச்சாங்க. கள்ளமாச் சொல்லிக் குடுத்தனெண்டு. அது உமக்குத் தெரியுமா?”

“தெரியும் மிஸ். அதாலயும்தான்.”

மேர்சி மிஸ் கதிரையில் சாய்ந்தார். அவருடைய முகத்தில் கோபம் போய், அடிபட்டதுபோல் ஒரு பார்வை வந்தது. சீதேவிக்குத் தோள் விடாமல் துள்ளியது. ஆனால் அவள் போகவில்லை.

“நீங்க எனக்கு நல்லதுதான் செஞ்சிங்க மிஸ். என்னை விறாந்தைக்கு அனுப்பினவங்களும் நோயாளர் அறைக்கு அனுப்பினவங்களும் நல்லதெண்டுதான் நினைச்சாங்க. எல்லாரும் எனக்கு ஒவ்வொரு அறை தாறீங்க. ஆரும் என்னட்டக் கேக்கல்ல.”

மிஸ் திருத்திக்கொண்டிருந்த தாளை மடித்து ஒருபக்கம் வைத்தார். வெளியே தென்னை மரத்தில் ஏறியவன் தேங்காய் போடும் சத்தம் கேட்டது.

“சரி,” என்றார் மிஸ் கடைசியில். “கேக்கன். உமக்கு என்ன வேணும்?”

அதற்கு அவளிடம் விடை இருந்தது. எத்தனையோ நாள் யோசித்து வைத்த விடை. “வாசலுக்குப் பக்கத்துக் கதிரை. தாங்க ஏலாட்டி எழும்பிப் போயிட்டு, மறுகா வர விடணும். ஒவ்வொரு தரமும் கேட்டுக்கிட்டு நிக்க ஏலா. சத்தம் வந்தா ஆரும் கிறுகிப் பாக்காம இருக்கணும். பாத்தா கூடும். அதை நானே எல்லாரிட்டயும் ஒருக்கா சொல்றன். சொல்ல விடுங்க, அது போதும்.”

அதிபர் இலேசில் சம்மதிக்கவில்லை. மண்டபத்தில் எழுதி மற்றவர்களுக்கு இடைஞ்சல் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். மேர்சி மிஸ் தான் பொறுப்பு என்றார். பிறகு ஒரு காலைக் கூட்டத்தில், தேவாரமும் அறிவித்தல்களும் முடிந்தபின், சீதேவிப்பிள்ளை முன்னே வந்து நின்றாள். முதலாம் நாளில் சிரித்த அதே முகங்கள். வினாயகமூர்த்தி சேரும் ஓரமாக நின்றார்.

“எனக்கு ஏழு வயசில இருந்து இந்த வருத்தம்,” என்றாள். “ஹக்” வந்தது. காத்திருந்தாள். “இதுதான். பேயில்ல, தொத்தவும் மாட்டாது. அடக்கினாக் கூடும். நீங்க கிறுகிப் பாத்தா இன்னும் கூடும். உங்களுக்கு இடைஞ்சலெண்டு எனக்குத் தெரியும். சோதனையில உங்களோட இருந்து எழுதப்போறன். சத்தம் கேட்டா எழுதிக்கிட்டே இருங்க. காகம் கத்தினா எழுதிறயள்தானே. அப்பிடி.”

காகம் என்றதும் பின்னால் ஒருவன் மெல்லச் சிரித்தான். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. கை தட்டவும் இல்லை. அதிபர் நன்றி சொன்னார். எல்லோரும் வகுப்புகளுக்குப் போனார்கள். அவளிடம் யாரும் வந்து பேசவில்லை. அன்று மத்தியானமும் சாப்பாட்டு வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. வினாயகமூர்த்தி சேர் மட்டும் மாலையில் விறாந்தையில் அவளைக் கடந்து போனவர் நின்று, “நாளைக்கு என்ட பாடத்துக்கு உள்ள வாங்க,” என்று சொல்லிவிட்டு, பதில் கேட்காமல் விறுவிறுவென்று நடந்தார்.

பரீட்சையின் முதலாம் நாள் அவள் வாசலடியில் இருந்தாள். முதல் சத்தத்துக்கு மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். திரும்பியவர்கள் நினைவு வந்து மறுபடி குனிந்தார்கள். முன்னால் இருந்த ஒருத்தி அடுத்த நாள் இடம் மாற்றிக் கேட்டாள், கொடுத்தார்கள். மூன்றாம் நாள் திரும்புகிறவர்கள் குறைந்தார்கள். கணிதப் பரீட்சை கடைசி நாள். அன்று தலை ஒன்றும் திரும்பவில்லை. ஆனால் அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மூன்று மணித்தியாலமும் தன் உடம்போடு மல்லுக்கட்டினாள். எழுந்து வெளியே போய்த் தென்னையடியில் நின்று சத்தத்தையெல்லாம் விட்டுவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்தால் விட்ட இடம் பிடிபடாது. கடைசிக் கணக்கைப் பாதியில் விட்டபோது மணி அடித்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கதிரைகளை இழுத்து எழுந்தார்கள். அவளும் எழுந்தாள். வாசலில் நெருக்குப்பட்டு வெளியேறும்போது, யாரென்று தெரியாத ஒருவன் அவளுக்கு அப்பால் இருந்தவனை நோக்கி, “அஞ்சாவது கணக்குக்கு என்ன வந்த?” என்று கத்தினான். அவன் கேட்டது அவளை அல்ல. ஆனாலும் அவள் விடையைச் சொன்னாள். அவன் ஒரு கணம் பார்த்துவிட்டு, “எனக்கும் அதான் வந்த,” என்றான். அவ்வளவுதான்.

இந்த முறை அவள் முதலாவதாக வரவில்லை. கணிதத்தில் சாதாரணச் சித்தி, மற்றவற்றில் இறங்கியிருந்தது. மேர்சி மிஸ் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“தையல் அறையில எழுதியிருந்தா இந்த மாவட்டத்திலயே நீர்தான் முதல். தெரியுமா?”

“தெரியும் மிஸ்.”

“கவலையில்லையா?”

சீதேவி கொஞ்சம் யோசித்தாள். “கவலைதான்,” என்றாள். “ஆனா இதை நான்தான் எழுதினனெண்டு எல்லாருக்கும் தெரியும்.”

அடுத்த வருடம் மேர்சி மிஸ் தமக்கையிடம் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். போகும்போது குடையை விடுதியில் விட்டுப்போனார் என்றும், மறந்து விட்டாரா வேண்டுமென்றே விட்டாரா தெரியாது என்றும் அன்னப்பூரணி அக்கா சொன்னார். கல்லூரியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திக்குவாயுள்ள ஒரு பெடியன் வந்தான். பேச்சுப் பரீட்சைக்கு அவனைத் தையல் அறைக்கு அனுப்ப ஏற்பாடு நடந்ததாம். வினாயகமூர்த்தி சேர் கூட்டத்தில் எழுந்து, “அவனிட்டக் கேட்டீங்களா?” என்று கேட்டாராம். அதற்குமேல் என்ன நடந்தது என்று சீதேவிக்குத் தெரியாது.

படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்குப் போக அந்நாளில் ஆசிரியர்கள் விரும்பவில்லை. ஷெல் விழும் இடம். சீதேவி கேட்டு வாங்கிக்கொண்டாள். வட்டைகளுக்கு நடுவில் தென்னங்கிடுகு வேய்ந்த இரண்டு கட்டடம், ஆறு ஆசிரியர் வேலைக்கு மூன்று பேர். முதலாம் நாள் மூன்றாம் வகுப்பு முழுவதும் தோளைத் துள்ளிக் காட்டிச் சிரித்தது. அவள் கல்லூரியில் சொன்னதையே இன்னும் சுருக்கிச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் மறந்துவிட்டார்கள்.

பெற்றோர் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்தவர்கள் ஒரு தேத்தண்ணியோடு எழுந்து போனார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு, பார்க்க வேண்டாம் என்று அவளே சொன்னாள். கோணாமலை ஒரு மாரியில் நெஞ்சு வலி வந்து, பாதை ஓடாத நாளில், ஆசுபத்திரிக்குப் போக வழியில்லாமல் இறந்தார். அதற்குப் பிறகு வீட்டில் தாயும் மகளும். தாய்க்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. மகளின் சத்தம் நின்றுவிட்டது என்று நினைத்து, தான் வைத்த நேர்த்திக்கடன் பலித்ததென்று அம்மனுக்கு நன்றி சொன்னாள். சீதேவி அவளைத் திருத்தவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் போர் நிறுத்தம் வந்தபின் பட்டினத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் கருத்தரங்கு வைத்தார்கள். படிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளைப் பற்றியது. பேச வந்தவர் மனநல வைத்தியர் ஹமீட். காத்தான்குடிக்காரர், கொழும்பில் படித்துவிட்டு வந்தவர். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளைகள், ஓரிடத்தில் இருக்க ஏலாத பிள்ளைகள், கதைக்காமல் தங்களுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு, சில பிள்ளைகள் கண் சிமிட்டும், தோளைத் துள்ளும், தொண்டையால் சத்தம் போடும் என்றார். அது குறும்புமில்லை, பேயுமில்லை. மூளை அப்படி அமைந்திருக்கிறது. அதற்குப் பெயர் இருக்கிறது. அதை விரிவாக எழுதி வைத்த ஒரு பிரெஞ்சு வைத்தியரின் பெயர், டூரெட்.

சீதேவிக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. தன்னிடம் இருப்பதற்குப் பெயர் ஒன்று உண்டென்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. தேத்தண்ணி இடைவேளையில் அவர் தனியாக நிற்கும்வரை பார்த்திருந்து கிட்டப் போனாள்.

“டொக்டர், அது எனக்கு இரிக்கி.”

“தெரியும் டீச்சர். காலையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்த நான்.” அவர் சிரித்தார், ஆனால் சிப்பாய் சிரித்ததைப்போல் அல்ல. “உங்களுக்குப் பக்கத்தில இருந்த ஒருத்தரும் கிறுகிப் பாக்கவே இல்ல. அதுதான் எனக்குப் புதினமாப் போச்சு.”

“அவங்க என்னோட படிப்பிக்கிறவங்க. பழகிற்று.” அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இது எத்தின பேருக்கு வரும்?”

“ஆயிரம் புள்ளைகள்ள மூணு நாலு பேருக்காவது இரிக்கும். வளரக்குள்ள கனபேருக்குக் குறைஞ்சிரும். சிலருக்கு அப்பிடியே இரிக்கும்.”

“இந்த மாவட்டத்தில எத்தின பேரைக் கண்டிருக்கீங்க?”

வைத்தியர் தயங்கினார். “கிளினிக்குக்கு இன்னும் ஒருத்தரும் வரல்ல. நீங்கதான் முதல்.”

மத்தியானம் முழுக்க அவள் கருத்தரங்கைக் கேட்கவில்லை. மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். மாவட்டத்தில் இலட்சக்கணக்கான சனம். எப்படிப் பார்த்தாலும் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் ஒருவரைக்கூடக் கண்டதில்லை. அப்படியென்றால் அவர்கள் எங்கே? எந்தக் குசினிக்குள், எந்தப் பின்னறையில், யாருடைய நல்லெண்ணத்தால் பூட்டப்பட்டு இருக்கிறார்கள்? எந்தச் சாவடியில் தோள் துள்ளி, எந்தச் சிப்பாய்க்கு விளங்காமல் போயிருக்கும்? பஸ்ஸில் வரும்போது ஆட்களின் தோள்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாத் தோள்களும் அசையாமல் இருந்தன.

அடுத்த மாதம் அவள் லீவு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். மருந்துக்கு அல்ல. ஹமீட் டொக்டரிடம் கேட்டு, சனம் காத்திருக்கும் இடத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். தோள் துள்ளட்டும், சத்தம் வரட்டும். யாராவது ஒரு தாய் அதைக் கண்டு, இதேபோல என்ட புள்ளைக்கும் இருக்கிறது என்று சொல்லட்டும் என்பது அவளுடைய எண்ணம். மற்றவர்கள் வந்தார்கள், மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் அவளைவிட்டுத் தள்ளி இருந்தார்கள். அதற்கடுத்த மாதமும் வந்தாள்; அதற்கடுத்த மாதமும்.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள், சனம் எல்லாம் போனபின் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த தாதி அவளிடம் கேட்டாள்.

“டீச்சர், மாசா மாசம் வாறீங்க. ஆரையும் பாக்கவா வாறீங்க?”

“ஓம்.”

“ஆரை?”

சீதேவிப்பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“இன்னும் தெரியா,” என்றாள்.